பெருமாள்முருகன் வாசிப்பு: புதிதாக வருபவர்கள் எங்களைக் கேட்பவை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். பதினைந்து பேர் வந்தால் கூட்டம், ஐந்து பேர் வந்தால் அரட்டை. போன ஒரு வருஷம் முழுக்கப் பெருமாள்முருகனின் நாவல்களை மட்டும் வரிசையாகப் படித்தோம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், ஒரு தடவை எழுதி வைத்துவிடு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பதில்கள் பெரும்பாலும் என்னுடையவை. என்னோடு ஒத்துப்போகாதவர்கள் சொன்னதையும் சேர்த்திருக்கிறேன். கதை முடிவுகளை மறைக்கவில்லை, அது பிடிக்காதவர்கள் படித்துவிட்டு வரவும்.

ஏன் ஒரே எழுத்தாளர், அதுவும் ஏன் இவர்?

இவரைப் பற்றி எங்களில் இரண்டு பேருக்குக்கூட ஒரே அபிப்பிராயம் இல்லை என்பதுதான் காரணம். எல்லோருக்கும் பிடித்த எழுத்தாளரை எடுத்தால் அரை மணி நேரத்தில் பேச்சு தீர்ந்து, வடை காலியாகி, டிராஃபிக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

அறிமுகம் தேவைப்படுகிறவர்களுக்கு: 1966இல் திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சினிமா தியேட்டரில் சோடாக்கடை வைத்திருந்தார். இவர் அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தார். முதல் நாவல் ‘ஏறுவெயில்’ 1991இல் வந்தது. அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட நாவல்கள், சிறுகதைகள், கவிதைகள், கட்டுரைகள், ஒரு வட்டார அகராதி.

எந்த நாவலில் ஆரம்பிக்கலாம்?

‘பூக்குழி’. சின்னப் புத்தகம், நேரான கதை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். பொறுமை உள்ளவர்கள் ‘கூளமாதாரி’யில் ஆரம்பியுங்கள். ‘மாதொருபாகன்’ சர்ச்சையை (கீழே சொல்கிறேன்) மட்டும் கேள்விப்பட்டு அந்த நாவலை முதலில் எடுப்பவர்கள் நாவலைப் படிப்பதில்லை, ‘எந்தப் பக்கத்தில் அது வருகிறது’ என்று தேடுகிறார்கள். இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து புரட்டிய ஒருவரிடம் எங்கள் கேஜிஎஃப் ஐயா (கோலார் தங்கவயல்காரர்), “என்ன தம்பி, பஞ்சாங்கமா பார்க்கிறீங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷில் படித்துவிட்டு வரலாமா?

தாராளமாக. எங்கள் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான். பாட்டன் காலத்தில் கண்டோன்மெண்ட்டுக்கு வந்த குடும்பங்கள், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும். பெருமாள்முருகனைப் பொறுத்தவரை அதிர்ஷ்டசாலிகள் நீங்கள். ‘மாதொருபாகன்’, ‘பூக்குழி’, ‘கங்கணம்’ மூன்றையும் அனிருத்தன் வாசுதேவன் இங்கிலீஷுக்குக் கொண்டுபோனார். ‘பூனாச்சி’யை என். கல்யாணராமன், ‘கூளமாதாரி’யையும் ‘நிழல்முற்ற’த்தையும் வ. கீதா, ‘ஏறுவெயில்’, ‘ஆளண்டாப் பட்சி’ இரண்டையும் ஜனனி கண்ணன். கடைசியில் சொன்னதற்கு 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்தது. ஆசிரியருக்கு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். இங்கிலீஷில் படித்தவரும் தமிழில் படித்தவரும் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டு எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். மாரத்தஹள்ளியிலிருந்து வருகிற தங்கை ஒருத்தி இருக்கிறாள், மென்பொருள் வேலை, இங்கே பிறந்து வளர்ந்தவள். ‘பூக்குழி’யை இங்கிலீஷில் படித்துவிட்டு, “ரொம்ப அமைதியான புத்தகம் அக்கா, பழைய கதை கேட்கிற மாதிரி இருக்கு” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமைதியா? அன்றைக்குக் குமரேசனின் அம்மா மாராயி வருகிற பகுதி ஒன்றைத் தமிழில் சத்தமாக வாசித்தோம். மகன் யாரையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று அந்தம்மா வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிற இடம். பாதியிலேயே தங்கை வாசிப்பை நிறுத்தச் சொன்னாள். அவளுடைய அப்பாவைப் பெற்ற பாட்டி இதே ராகத்தில் இழுத்து இழுத்துத் திட்டுவாராம். இங்கிலீஷில் அது துக்கமாகப் படுகிறது, தமிழில் அது ஆயுதம் என்பது காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவில்லை, ஒப்பாரியை எந்த மொழிக்கும் கொண்டுபோக முடியாது. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு கூட்டத்திலும் நாலைந்து பக்கம் சத்தமாக வாசிக்கிறோம்.

நான் மதுரைக்காரன். தமிழ் படிப்பேன், ஆனால் கொங்குப் பேச்சு பாதி புரியவில்லை. அகராதி வைத்துக்கொண்டு படிக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் முப்பது பக்கம் கல்லும் முள்ளுமாக இருக்கும், பிறகு பழகிவிடும். விடிகாலையை ‘வெடியால’ என்பார்கள், சாயங்காலம் ‘பொழுதோட’. ‘ஓரம்பரை’ என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளி, சொந்தக்காரர். ‘பொடக்காலி’ வீட்டுக்குப் பின்பக்கம். ‘வெசனம்’ கவலை. இந்த ஐந்தும் தெரிந்தால் அரைக் கிணறு தாண்டியாயிற்று.

‘மாதொருபாகனில்’ அடிக்கடி வருகிற ‘தொண்டுப்பட்டி’ மட்டும் எங்களுக்கே தகராறு. ஆட்டுப்பட்டியா, மாட்டுக்கொட்டகையா, களமா? எங்கள் திருச்செங்கோட்டு அண்ணன்தான் எழுந்து மொட்டைமாடியையே காடாக்கிக் காட்டினார். தண்ணித் தொட்டி இருக்கிற மூலையில் மாடு கட்டுவார்கள், துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் தட்டுப்போர் (மாட்டுக்குச் சோளத்தட்டு அடுக்கி வைப்பது), சுற்றி வேலி, நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். “ஆம்பளைக்கு வீட்டுக்குள்ள என்ன வேலை? பொழப்பே இதுக்குள்ளதான்” என்றார். காளி ஏன் வீட்டைவிட்டு அங்கேயே கிடக்கிறான் என்பது அதற்கப்புறம்தான் எனக்கு விளங்கியது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளையில்லாத மனுஷனுக்கு ஊர்க்கண் படாத இடம் அது ஒன்றுதான்.

ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு, அவரே தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000இல் வந்திருக்கிறது. அதை நாவலோடு சேர்த்துப் படிக்காதீர்கள், தனியாகப் படியுங்கள். அதுவே ஒரு நாவல் மாதிரி இருக்கும்.

‘மாதொருபாகன்’ விவகாரம் என்ன, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

காளி, பொன்னா என்று ஒரு தம்பதி. ஒருவர் மேல் ஒருவருக்குக் கொள்ளை ஆசை. குழந்தை இல்லை. வெள்ளைக்காரன் காலம். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாள் இரவில், குழந்தையில்லாத பெண் விரும்பினால் முகம் தெரியாத ஒருவரோடு கூடலாம், பிறக்கிற பிள்ளை சாமி கொடுத்தது என்ற வழக்கம் நாவலில் வருகிறது. காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் பொய் சொல்லி அவளை அனுப்புகிறார்கள்.

தமிழில் 2010இல் வந்தது. நாலு வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இங்கிலீஷில் ‘ஒன் பார்ட் வுமன்’ 2013இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள், அடுத்த மாதம் கடையடைப்பு. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் நடந்த ‘சமாதானப் பேச்சில்’ எழுத்தாளர் நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும், அந்தச் சமாதானப் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். பிடிக்காத புத்தகத்தைத் தூக்கி எறியலாம், படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அவர்கள் வாதம். எழுத்தாளர் மறுபடி எழுதட்டும் என்று தீர்ப்பை முடித்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்த நாவலுக்கான வேலைக்கு நல்கை கொடுத்தது பெங்களூரிலிருந்து இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்.

அந்த நாவல் பிடிக்காதவர்கள் எல்லாம் பிற்போக்குவாதிகளா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பதிலோடுதான் வந்திருந்தார். இல்லை என்பதுதான் என் பதில், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

திருச்செங்கோட்டு அண்ணனுக்கு ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஊரில் அண்ணன் தம்பிகள் போர் வண்டி ஓட்டுகிறார்கள். பூமியில் துளை போடுவதற்கு இந்தியா முழுக்கப் போகிற அந்த ரிக் லாரிகளில் திருச்செங்கோட்டுப் பெயரைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். நாவலை இரண்டு தடவை படித்தவர். சண்டைக்கு வரவில்லை, வருத்தப்பட வந்தார். “எங்க அப்பத்தா கால்நடையா தேர் பார்க்கப் போனது. அதைப் பெருமையா சொல்லிட்டிருந்தோம். இப்ப அப்பத்தா தேருக்குப் போச்சுன்னு சொன்னா எதிர்ல இருக்கறவன் ஒரு மாதிரி சிரிக்கறான்” என்றார். இதற்கு யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கருத்துச் சுதந்திரம் என்று ஆரம்பித்த பையன்கூட வாயை மூடிக்கொண்டான்.

கற்பனை கற்பனைதானே, ஊர்ப் பெயரை மாற்றியிருந்தால் நாவல் குறைந்துவிடுமா என்பது அவர் கேள்வி. குறைந்துவிடும் என்பது என் கட்சி. அந்த மலை, அந்தப் படிக்கட்டு, பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கும் சாமி இல்லாமல் தலைப்பே இல்லை. பிள்ளை இல்லையென்று அந்தச் சாமியிடமே போய் நிற்கும் தம்பதிக்கு ஊர்ப் பெயர் அலங்காரம் அல்ல. ஆனால் அவர் வலியைப் புத்தகம் கொளுத்தினவர்களின் கோபத்தோடு ஒன்றாகக் கட்டுவது நியாயமில்லை. இவர் படித்தவர். படித்து முடித்து, பொன்னாவுக்காகக் கண் கலங்கி, பிறகு ஊருக்காக வருத்தப்பட்டவர். இன்றைக்கும் சமாதானமாகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறார்.

திருவிழாவைப் பற்றியே பேசாத ஒரு பார்வையும் உண்டு. எங்களில் ஒருத்தி ஐந்து வருஷமாகக் கருத்தரிப்பு மருத்துவமனைக்கு அலைந்தவள். “எல்லாரும் அந்த ஒரு ராத்திரியையே பேசறீங்க. மத்த பக்கமெல்லாம் யாரும் படிக்கலையா?” என்றாள். விசேஷத்துக்குப் போனால் ஒதுக்கிவைக்கிறது, பிள்ளையைத் தூக்கினால் கண் படும் என்று பிடுங்குவது, சொத்து யாருக்குப் போகும் என்று பங்காளிகள் கணக்குப் போடுவது. “எங்க அபார்ட்மெண்ட் லிஃப்டில இதெல்லாம் இங்கிலீஷ்ல நடக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.” எனக்கு அந்த நாவலைப் பற்றிக் கேட்டதிலேயே சரியான விமர்சனம் இதுதான்.

தொடர்ச்சியாக இரண்டு நாவல் இருக்கிறதாமே, எதை முதலில் படிப்பது?

‘மாதொருபாகன்’ ஒரு மரத்தடியில் முடிகிறது. காளி செத்தானா பிழைத்தானா என்று சொல்லவில்லை. 2014இல் ஆசிரியர் இரண்டு பதிலும் எழுதினார். ‘ஆலவாயனில்’ காளி இல்லை. ‘அர்த்தநாரியில்’ இருக்கிறான், ஆனால் பொன்னாவோடு பேசுவதில்லை.

எங்கள் வட்டத்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு ‘ஆலவாயன்’ பிடித்தது. புருஷன் போன வீட்டில் மாமியார், அம்மா, பொன்னா என்று பெண்களே ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக் காட்டை உழுது பிழைப்பை நடத்துகிறார்கள். ஆண்களுக்கு ‘அர்த்தநாரி’ பிடித்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அவர்களுக்கு அது தர்மசங்கடம். வீட்டுக்குள் வாய் பேசாமல் தண்டனை கொடுப்பது பலருக்குப் பழக்கப்பட்ட வித்தை போலிருக்கிறது. யாரும் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஒருவர் மட்டும், “செத்தவனா எழுதினதே மரியாதையா இருந்தது” என்றார்.

இரண்டும் தேவையே இல்லை, முதல் நாவல் முடிந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும் என்பவர்களும் மூன்று பேர் உண்டு. என்னையும் சேர்த்து.

‘பூக்குழி’யில் சரோஜா பிழைத்தாளா இல்லையா?

தெரியாது. நூறு தடவை கேட்டாலும் தெரியாது. முள்ளுக்காட்டுக்குள் அவள் ஒளிந்திருக்கிறாள், வெளியே தீ வைக்கிறார்கள், தூரத்தில் குமரேசனின் சைக்கிள் சத்தம். அதோடு சரி. “இப்படி விட்டுட்டுப் போறதுக்கு எதுக்குக் கதை எழுதணும்?” என்று ஒருவர் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார், இன்னும் திரும்ப வரவில்லை. அவள் செத்துவிட்டாள், சந்தேகம் எதற்கு என்பவர்கள் பாதிப் பேர். சைக்கிள் சத்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மீதி.

தமிழ்ப் பதிப்பை இளவரசனுக்குக் காணிக்கை ஆக்கியிருக்கிறார். வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்து, 2013 ஜூலையில் தருமபுரி ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்த பையன். அதே வருஷம்தான் நாவலும் வந்தது. ஓசூர் வழியாகச் சேலம் போகும் ரயிலில்தான் எங்களில் பலர் ஊருக்குப் போகிறோம். தருமபுரிக்காரர் ஒருவர், அந்த ஸ்டேஷன் வரும்போது புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, “எதிர் சீட்டுல யாருன்னு தெரியாதே” என்றார். இந்த நாவல் 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது, தமிழ் நாவல் அங்கே போனது அதுவே முதல் தடவை. அந்தச் செய்திக்கு எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம், அந்தத் தருமபுரிக்காரர் உட்பட. ரயிலில் மட்டும் படிப்பதில்லை.

சரோஜா என்ன சாதி என்று ஏன் கடைசிவரை சொல்லவில்லை?

சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஊர்க்காரர்களும் அதைத்தானே முதல் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். நிறத்தைப் பார்க்கிறார்கள், பேச்சைப் பார்க்கிறார்கள், யாருடைய மகள் என்கிறார்கள். படிக்கிறவரும் அதே துப்பறியும் வேலையைச் செய்வதை நான் கூட்டத்தில் கண்ணால் பார்த்தேன். இருபது நிமிஷம் யூகம் ஓடியது, நானும் ஒரு யூகம் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

‘கூளமாதாரி’யை எல்லோரும் புகழ்கிறார்கள். மாற்றுக் கருத்தே இல்லையா?

இருக்கிறது, அதுவும் நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. பண்ணையத்துக்கு விடப்பட்ட மாதாரி என்ற தலித் சாதிப் பையன்கள் ஆடு மேய்க்கிற கதை அது. கூளையன், நெடும்பன், மொண்டி, வவுரி என்று குழந்தைப் பட்டாளம். பனங்காடு, பசி, விளையாட்டு, கவுண்டர் வீட்டு அடி. பக்கத்துக்குப் பக்கம் நிலமும் வானமும் கொட்டிக்கிடக்கும். நகரத்திலேயே வளர்ந்தவர்கள் எல்லோரும் சொக்கிப்போனோம். ஒருவர், “சின்ன வயசுல ஆடு மேய்ச்சிருக்கலாம்னு ஏக்கமா இருக்கு” என்றார்.

கேஜிஎஃப் ஐயா அதுவரை பேசவில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து ஏன் சுரங்கத்துக்கு வந்தார் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார்: பண்ணையாள் வேலையிலிருந்து தப்பித்து. “பனைமரம் அழகா இருக்கு, ஓடை அழகா இருக்கு. எல்லாம் சரி. அந்தப் பையனுக்கு வருஷக்கூலி என்ன, அப்பன் வாங்கின கடன் எவ்வளவு, அது எப்போ தீரும்? நான் அதைத்தான் தேடிட்டே படிச்சேன்” என்றார். ஆசிரியர் அந்த வலியை எழுதவில்லை என்று அவர் சொல்லவில்லை. அழகு அதிகமாகிவிட்டதோ என்றார். பட்டிக்கு உள்ளே நின்று பார்ப்பதற்கும் வெளியே வரப்பில் நின்று பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்றார். ஆசிரியர் கவுண்டர் சமூகத்தில் பிறந்தவர், இதை மனதில் வைத்துத்தான் ஐயா சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

எனக்கு அந்த நாவல் இவருடைய எழுத்திலேயே உச்சம். ஆனால் ஐயா சொன்னதற்குப் பிறகு மறுபடி எடுத்தபோது வர்ணனை வருகிற இடங்களில் கொஞ்சம் நின்று நின்றுதான் படிக்க முடிந்தது. இதே ஐயாவுக்கு ‘நிழல்முற்றம்’ ரொம்பப் பிடிக்கும். தியேட்டரில் சோடா விற்கும் பையன்களின் கதை, அழகுக்கு அங்கே இடமே இல்லை.

‘பூனாச்சி’ ஆட்டுக்கதையா, அரசியல் கதையா?

எழுதமாட்டேன் என்று சொன்னவர் திரும்பி வந்து, 2016இல் எழுதிய நாவல். மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் பயம், பசுவையும் பன்றியையும் தொடவே கூடாது, மிச்சம் இருப்பது வெள்ளாடு என்கிற ரீதியில் முன்னுரையில் சொல்லியிருப்பார். பிறந்த ஆட்டுக்கெல்லாம் அரசாங்கம் காது குத்தி எண் போடும், வரிசையில் நிற்க வேண்டும், கறுப்பு ஆடு என்றால் இருட்டில் தெரியாது, அதனால் சந்தேகம்.

என் ஆபீஸில் ஒரு கன்னடக்காரர் இங்கிலீஷில் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டுக்கு ஆதார் கார்டு என்றார். எங்கள் வட்டத்தில் ஆடு வளர்த்த வீட்டுப் பெண் ஒருத்தி, வெட்டக் கொண்டுபோகிற இடத்தைத் தாண்ட முடியாமல் மூடிவிட்டாள். அவளிடம் இது குறியீடு என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஒரு குறை: கடைசி மூன்றில் ஒரு பங்கு அவசரம்.

கெட்ட வார்த்தை, ஆபாசம் எல்லாம் இருக்குமாமே? பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வசவு இருக்கும். ஊரில் மனிதர்கள் பேசுகிற மாதிரி பேசுவார்கள். மலம் கழிப்பதை மையமாக வைத்தே ‘பீக்கதைகள்’ என்று ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டவர் அவர். பதினாறு வயசுக்கு மேல் என்றால் கூட்டி வாருங்கள். அதற்குக் கீழே என்றால் ‘பூனாச்சி’ மாதத்துக்கு வரட்டும்.

சர்ச்சை மட்டும் இல்லையென்றால் இவரை யாருக்குத் தெரியும்?

வெளிநாட்டுக்காரர்களுக்கு வேண்டுமானால் தாமதமாகத் தெரிந்திருக்கும். ‘கூளமாதாரி’யின் இங்கிலீஷ் வடிவம் ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’ 2005லேயே கிரியாமா பரிசின் இறுதிப்பட்டியலுக்குப் போயிருக்கிறது. அப்போது சர்ச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு எழுத்தாளரை ஊரைவிட்டே போகவைத்த விவகாரத்தை லாட்டரிச் சீட்டு மாதிரி பேசுவது எனக்குப் பிடிக்காது. கேட்டவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பத் திரும்ப ஒரே மண், ஒரே சாதி, ஒரே துக்கம். சலிக்கவில்லையா?

எட்டாம் மாதம் சலித்தது, உண்மை. நடை தட்டையாக இருக்கிறது என்பவர்களோடும் நான் சண்டை போட மாட்டேன். சுருக்கமான, அலங்காரமில்லாத வாக்கியங்கள். சில நாவல்களில் அது இறுக்கம், சிலவற்றில் வறட்சி. மகனின் ஸ்மார்ட்போனைப் பற்றி அப்பா கவலைப்படுகிற ‘கழிமுகம்’ எனக்கு எட்டவே இல்லை.

அந்தச் சலிப்பை உடைத்தது ‘ஆளண்டாப் பட்சி’. அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் ஏமாந்த முத்து, மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு, குப்பன் என்ற ஆளையும் கூட்டிக்கொண்டு புது நிலம் தேடிப் போகிறான். அவ்வளவுதான் கதை. எங்கள் வட்டமே அதில் விழுந்தது. பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட் தேடி ஆனேக்கல் பக்கமும் ஹொஸ்கோட்டே பக்கமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்தவர்கள்தானே நாங்கள். தண்ணி எப்படி, பக்கத்துக்காரன் எப்படி, பத்திரம் சுத்தமா என்று முத்து பார்ப்பதை ஒவ்வொருவரும் தன் கதையாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பேச்சு நாவலைவிட்டு ரிஜிஸ்ட்ரேஷன் செலவுக்குப் போய்விட்டது. குப்பனுக்கு எங்கே நிலம் கிடைத்தது என்று கேட்டவர், சொல்ல வேண்டியதே இல்லை, கேஜிஎஃப் ஐயாதான்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

தமிழில் காலச்சுவடு வெளியீடு, நாகர்கோவிலிலிருந்து தபாலில் வரும். இங்கிலீஷில் சர்ச் ஸ்ட்ரீட் கடைகளில் புதிதும் பழையதும் கிடைக்கும். எங்களிடம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி சுற்றில் இருக்கிறது. ‘அர்த்தநாரி’ யாரிடம் இருக்கிறதோ தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்.

படிக்காமல் சும்மா வந்து உட்காரலாமா?

உட்காரலாம். என் அம்மா அப்படித்தான் வந்தார். சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு மாதம் தங்க வந்திருந்தார், மூன்றாவது வரை படித்தவர், கண்ணும் சரியில்லை. ராத்திரி ராத்திரி ‘பூக்குழி’யை வாசித்துக் காட்டினேன். மாராயி பேசுகிற இடமெல்லாம், “இப்படித்தான் பேசுவா, மாமியாக்காரி வேற எப்படிப் பேசுவா?” என்று வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். சரோஜா பேசுகிற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் லைட்டை அணைத்தேன். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மாடிக்கு வந்து எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவர், பேச்சு எதையோ பற்றிப் போய்க்கொண்டிருக்கும்போது என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “ஏம்புள்ள, சைக்கிள் சத்தம் கேட்டுச்சுன்னு படிச்சியே, அந்தப் பையன் வந்து சேர எத்தனை தூரம் இருக்கும்?”